நான் திருத்திய கிற்றார்

“நாலெழுத்துப் படிச்ச உடனை உவவுக்கு எல்லாம் தெரியுமோ?” என்று மாமா என்னைக் காட்டிக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கிற்றார் வகுப்புக்குத் தந்த சுருதி பார்க்கும் கருவியை நான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

“சும்மா இருங்கோ அண்ணை. எங்கடை வீட்டிலை படிச்சு முடிக்கப்போறவள் அவள்தான்,” என்றார் அம்மா. எனக்குப் பதினொரு வயது. மாமாவுக்குப் பொறாமை என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமைக் காலைகளில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் மாடிக் கட்டடத்தின் அடித்தளத்துச் சலவை அறையில் உடுப்புக் காயும்வரை தனியே காத்திருப்பேன். ஏழாம் மாடியில் இருந்த மடகாஸ்கர் அங்கிளும் தனியே வருவார், கிற்றாரோடு. பேச்சு அதிகம் இல்லை. அவருடைய தகப்பன் ஊரில் வலிஹா வாசித்தவர்; மூங்கில் குழாயைச் சுற்றித் தந்தி கட்டிய வாத்தியம் அது. தமக்கை அங்கிருந்து போனில் அதன் ஒவ்வொரு தந்தியாக மீட்டிக்காட்டுவார். அத்தனை தந்திகளின் பாட்டை ஆறு தந்தியில் கொண்டுவர, இவர் மாதக்கணக்காகக் கிற்றாரைத் தளர்த்தியும் முறுக்கியும் பார்த்தார்.

ஒருநாள் எல்லாம் சரிவந்துவிட்டது என்றார். படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்கு அன்று முழுப் பாட்டையும் வாசிக்கப்போகிறாராம். கிற்றாரைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனை எடுத்துவர மேலே போனார்.

நான் கையோடு கொண்டுவந்திருந்த சுருதிக் கருவியைக் கிற்றாரில் மாட்டினேன். ஆறு தந்தியில் நான்கு பிழை. பாவம், படிக்காத மனிதர். ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னபடி திருத்திவைத்தேன்.

அவர் வந்து, போனைக் கதிரையில் நிறுத்தி, வாசிக்கத் தொடங்கினார். முதல் தட்டிலேயே கை நின்றது. அவசரமாகத் திருகிப் பார்த்தார், பிடிபடவில்லை. போனில் தமக்கையின் குரல் எதையோ மெதுவாகச் சொன்னது. தகப்பன் நித்திரையாகிவிட்டாராம். அங்கிள் கருவியைக் கழற்றி என்னிடம் தந்து, “தாங்க்ஸ்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் சலவை அறைக்கு வரவில்லை. வீட்டுக்கே மெஷின் வாங்கிவிட்டார் என்று நினைத்தேன். தகப்பன் அந்தக் கிழமையே இறந்ததை அம்மா சொன்னபோதும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அவை பிழையில்லை, அந்தப் பாட்டுக்கென்றே வைத்த சுருதி என்பது பல்கலைக்கழகத்தில் இசை படிக்கும்போதுதான் தெரிந்தது. நாங்கள் மார்க்கம் நகருக்கு வீடு மாறி வருடங்களாகிவிட்டன. போன சனிக்கிழமை பழைய கட்டடத்தின் ஏழாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார், தலை நரைத்திருந்தது. என் கிற்றாரை நீட்டி, சுருதி வைக்காமல் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.