ரஹ்மத் அக்கா பார்த்த இரும்பு லாரி

ஸ்பேஸ் பாரை அழுத்தினால் திரும்பி எழாது. நகத்தால் நெம்பித்தான் தூக்கிவிட வேண்டும். உப்பளக் காற்று எங்கள் கீபோர்டு ஸ்க்ரூவைக்கூட விட்டுவைக்கவில்லை.

2005. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு நெட் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். டிகிரி முடித்த கையோடு கிடைத்த என் முதல் வேலை. ஒரு போட்டோ திறந்து முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்... குடித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கூனிமேட்டிலிருந்து ரஹ்மத் அக்கா வருவார். வீட்டுக்காரர் ஜமால் அண்ணன் குவைத்தில் டிரெய்லர் ஓட்டினார். அவர் அனுப்பும் மெயில் தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். அக்காவுக்குத் தமிழும் அரபியும் நன்றாகப் படிக்க வரும், அந்த எழுத்து மட்டும் ஆகாது. அதனால் படிப்பதும் நான், பதில் டைப் அடிப்பதும் நான். புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கு நடுவில் நான் ஒருத்தி... முதலில் கூச்சமாக இருந்தது, போகப்போகப் பழகிவிட்டது.

ஒரு வாரம் போட்டோ வந்தது. மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதலில் வெறும் வானம். அப்புறம் அண்ணன் தலை. அவருக்குப் பின்னால் ஒரு லாரி... அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. சுற்றிலும் இரும்புத் தகடு. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. மேலே துப்பாக்கி, அதன் பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஆள்.

குவைத்துக்குள் பால் லாரி ஓட்டுவதாகத்தான் அண்ணன் வீட்டில் சொல்லியிருந்தார். பால் லாரிக்குத் துப்பாக்கி எதுக்கு அக்கா என்று உளறிவிட்டேன்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்தார். ஸ்கிரீனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். அவரைப் பெற்ற அத்தா, உப்பு ஏற்றி ஏற்றித் துருப்பிடித்த லாரிகளுக்குப் புதுத் தகடு வெல்டிங் வைக்கிற பட்டறை நடத்தினவர். அக்கா அந்தப் பட்டறையிலேயே வளர்ந்தவர்.

"இது கம்பெனில செஞ்சது இல்லம்மா. யாரோ பட்டறைல வச்சு ஒட்டியிருக்கான். கதவுகிட்ட பாரு, அங்க மட்டும் புதுத் தகடு. அடி வாங்கியிருக்குது."

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம் தேடினேன். அங்கே அமெரிக்க ராணுவத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், டீசல் எல்லாம் லாரி லாரியாக வரிசையில் போகுமாம். வழியில் யாரும் தாக்காமல் இருக்க நடுநடுவே இந்தக் காவல் லாரி போகுமாம். வியட்நாம் போரிலேயே சிப்பாய்கள் சாதாரண லாரியில் தகடும் மணல் மூட்டையும் வைத்து இப்படிச் செய்திருக்கிறார்கள். நம்ம ஊர் லாரி மாதிரியே அதற்குப் பெயர் வேறு எழுதுவார்களாம்!

அந்த ஆச்சரியத்தில் அக்காவிடமும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அண்ணன் ஓட்டுவது குவைத்துக்குள் இல்லை... சண்டை நடக்கிற ஈராக்குக்கு. அங்கே வேலைக்குப் போகக் கூடாது என்று நம் அரசாங்கமே தடை போட்டிருந்த நேரம் அது.

அக்கா அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டைப் அடிக்கச் சொன்னார்.

"அந்த இரும்பு லாரிய விட்டு விலகாதீங்க. அது பக்கத்துலயே ஓட்டுங்க."

அவ்வளவுதான் மெயில். ஏன் பொய் சொன்னீங்க என்று ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் பதில் வந்தது. சரி, பக்கத்துலயேதான் ஓட்டுறேன் என்று. அக்கா முகம் தெளிந்தது.

எனக்குத்தான் ஆர்வம் அடங்கவில்லையே... இன்னும் படித்தேன். படித்திருக்கவே கூடாது. வியட்நாமில் போகப்போக எதிரிகள் முதல் அடியை அந்தக் காவல் லாரிக்கே கொடுத்தார்களாம். அதை முடக்கிவிட்டால் மற்ற லாரிகளைக் கேட்க ஆள் இல்லை அல்லவா? 'பக்கத்துலயே ஓட்டுங்க' என்று டைப் அடித்தது இந்தக் கைதான்.

அக்காவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அடுத்த மெயிலில் அவர் சொன்னதற்குக் கீழே நானாக ஒன்று சேர்த்து அனுப்பினேன். அண்ணா, முதல் அடி அந்த லாரிக்குத்தான்னு படிச்சேன், தள்ளியே ஓட்டுங்க என்று.

இரண்டு வெள்ளிக்கிழமை மெயிலே இல்லை. அக்கா வந்து உட்காருவார், ஸ்கிரீனைப் பார்ப்பார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போவார். நான் வேண்டாத சாமி இல்லை.

மூன்றாவது வெள்ளி மெயில் வந்தது. மேலே வழக்கம்போல, நல்லா இருக்கேன், பக்கத்துலயேதான் ஓட்டுறேன். கொஞ்சம் இடம் விட்டுக் கீழே எனக்கு.

"தங்கச்சி, இடம் நம்ம கைல இல்ல. கதவுல நம்பர் எழுதிடுவாங்க, வரிசைல அதான் நம்ம இடம். பக்கமா, தூரமா, எது நல்லதுன்னு இங்க யாருக்கும் தெரியாது. இத அவகிட்ட படிக்காத."

மேலே இருந்ததை மட்டும் படித்தேன். அதற்குப் பிறகு எல்லா வாரமும் அப்படித்தான். கீழே எனக்கென்று ஒரு வரி இருக்கும். இந்த வாட்டி நம்பர் நாலு. இந்த வாட்டி கடைசி, இரும்பு லாரி கண்ணுக்கே தெரியல. அதைப் படித்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்... இருபத்தோரு வயசில் அது பெரிய பாரம்.

2006ல் ரம்ஜானுக்கு முன்னால் அண்ணன் முழுசாக வந்து சேர்ந்தார். திரும்பிப் போகவில்லை.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்தேன். மகன் இப்போது சவூதியில் டிரெய்லர் ஓட்டுகிறானாம். போனில் மேப்பைக் காட்டினார். பாலைவன ரோட்டில் மகன் லாரி ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது. படித்துக் காட்ட ஆள் வேண்டாம், வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆனால் புள்ளி நின்றால் பக்கென்று ஆகிவிடுகிறதாம். அப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை பயந்தால் போதும், இப்போது நாள் முழுக்கப் பயப்பட வேண்டியிருக்கிறது என்று சிரித்தார்.

இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன். அண்ணன் மெயிலில் நான் படிக்காமல் விட்ட வரிகள் உண்டு அக்கா என்று.

"தெரியும்மா. எழுத்துதான் தெரியாது, வரி இருக்கிறது கூடவா தெரியாது? நீ நிறுத்தின பிறகும் கீழ கொஞ்சம் இருக்கும்."

அப்புறம் ஏன் கேட்கவே இல்லை என்றேன். அக்கா புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டா நீ படிச்சிருப்ப."