ஒரு பால் கோப்பி, இரண்டு கிளாஸ்

செய்தி வந்தபோது நான் கண்டக்டர் வேலாயுதத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். குருபோங் போகும் முதல் வண்டி. ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், என்ஜின் ஓடுகிறது, ஆளைக் காணோம். "வரட்டும் துரை, வச்சிக்கிறேன்" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தேன். பஸ் கம்பெனி ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஓடிவந்தார். படியில் ஏறாமல் கீழேயே நின்று, "என்ஜின நிறுத்துங்க டிரைவர்" என்றார். காஜா பெராங் சாலையில் மரம் ஏற்றி வந்த லோரி ஒன்று வேலாயுதத்தின் சைக்கிளை அடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லையாம். ஏன் கொண்டுபோகவில்லை என்று நான் கிராணியிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் தோளைப் பிடித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மலாக்காவில் பண்டார் ஹிலிரிலிருந்து குருபோங் வரை அவரிடம் டிக்கெட் வாங்காதவர்கள் குறைவு. மலாய்க்காரரிடம் மலாயில் பேசுவார், சீனரிடம் அரைகுறை ஹொக்கியனில் பேசுவார், நம்மவர்களிடம் வம்பு பேசுவார். என்னைவிட இளையவர். ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாக வராதவர். அவரைப் பற்றி எழுதித் தரும்படி வாசகசாலை நண்பர்கள் கேட்டார்கள். அஞ்சலி எழுதத்தான் உட்காருகிறேன், ஆனால் கை ஓட மறுக்கிறது. முந்தின நாள் மாலை "நாளைக்குப் பாப்போம் டிரைவரே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிய மனிதரை 'இருந்தார்' என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டில்தான் எனக்கு இனிப்பு நீர் நோய் இருக்கிறது என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சோற்றைக் குறை, சீனியை நிறுத்து, ஸ்டவுட் பீரைத் தொடாதே, இல்லாவிட்டால் கண் போகும் என்றார் டாக்டர். கண் போனால் டிரைவருக்கு என்ன மிச்சம்? வீடு நிறையப் பிள்ளைகள். அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டேன். அந்த வாரம் முடிவதற்குள் கோயில் அன்னதானத்தில் பாயசத்தை வாங்கி வாங்கிக் குடித்தேன். மறுநாள் வண்டியில் வேலாயுதத்திடம் சொல்லிப் புலம்பினேன். அவர் உச்சுக்கொட்டியதோடு சரி.

சில நாள் கழித்து, வண்டி காலியாக நின்றபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானும் ஒரு பிரைவேட் டாக்டரப் போயிப் பாத்தேன் டிரைவரே. எனக்கும் அதே கததான். இனிப்பு நீராம்" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று உள்ளூர ஒரு நிம்மதி.

"நாடு ஒரே ராத்திரியில மெர்டேக்கா வாங்கிருச்சு. நாக்கு அப்படி வாங்காது லா. ஒண்ணொண்ணாத்தான் கேட்டுப் பாக்கணும்" என்றார் அவர். முதலில் கோப்பி. அது அடங்கும்வரை மற்ற எதிலும் கைவைக்கக் கூடாது. நாக்கு ஒன்றை மறந்த பிறகுதான் அடுத்தது. இதுதான் அவர் போட்ட சட்டம்.

காஜா பெராங் முனையில் இருக்கும் ஹைனான் சீனர் கடையில்தான் நாங்கள் கோப்பி குடிப்போம். சீனி போட்டுக் காய்ச்சிய டின்பால் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். வேலாயுதத்துக்கு அது உயிர். குடித்து முடித்ததும் அடியில் இருப்பதைக் கரண்டியால் வழித்துத் தின்பார். அன்று அவர் ஒரு பால் கோப்பியும், பாலும் சீனியும் இல்லாத ஒரு கோப்பியும், இரண்டு காலி கிளாஸும் கேட்டார். இரண்டையும் கலந்து எனக்குப் பாதி, அவருக்குப் பாதி ஊற்றினார். "கிலா!" என்றார் கடை முதலாளியான தவுக்கே. பைத்தியம் என்று அர்த்தம். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நாளாக ஆக, பால் கோப்பியின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலையில் தவுக்கே எங்களைக் கேட்காமலேயே இரண்டு கறுப்புக் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தார். பேசிக்கொண்டே குடித்துவிட்டு எழுந்துவிட்டோம். வண்டியை எடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்திலிருந்து பலகாரக் கூடையோடு ஒரு அம்மாள் ஏறுவார். நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்செல்லாம் மலாய். மலாக்கா வெல்லத்தை உள்ளே வைத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிய உருண்டைகளை எங்களுக்கு இனாமாகத் தருவார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். வேலாயுதம் தனக்குத் தெரிந்த மலாயில் எங்கள் கதையைச் சொல்லி, இருவருக்கும் சேர்த்து ஒரே ஓர் உருண்டை வாங்கினார். அதைப் பாதியாக்குகிறேன் என்று பேனாக்கத்தியை வைத்து அழுத்தினார். உள்ளே இருந்த வெல்லப்பாகு அவர் வெள்ளைச் சட்டையில் பீய்ச்சி அடித்தது. வண்டியே சிரித்தது. அன்று முழுவதும் அந்தக் கறையோடுதான் டிக்கெட் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து அம்மாள் எங்களுக்கென்று அவித்த கடலை கொண்டுவர ஆரம்பித்தார்.

ஸ்டவுட்தான் பெரும்பாடு. கோப்பி, பலகாரம், சோறு என்று ஒவ்வொன்றாக வழிக்கு வந்த பிறகுதான் அதைத் தொட்டோம். சம்பள நாளில் ஆளுக்கு ஒரு போத்தல் என்பது ஒரு போத்தலை இருவர் பகிர்ந்துகொள்வது என்றாகி, பிறகு அதுவும் நின்றது. நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் தங்கை மகள் கல்யாணத்தில் நான் கட்டவிழ்த்த மாடாகிவிட்டேன். மறுநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நேத்து நேத்தோட போச்சு. வாங்க, இன்னைக்குக் கோப்பிய இன்னைக்குக் குடிப்போம்" என்றார். அவ்வளவுதான். 

ஆஸ்பத்திரியில் சிறுநீரைக் குழாயில் விட்டு, மருந்து கலந்து காய்ச்சிப் பார்ப்பார்கள். செங்கல் நிறம் வந்தால் மோசம், பச்சை பரவாயில்லை, நீலம் வந்தால் நல்லது. நான் போய்விட்டு வரும் நாளெல்லாம் வேலாயுதம் வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "என்ன கலரு?" நான் சொன்ன பிறகுதான் தன்னுடையதைச் சொல்வார். அது எப்போதும் என்னுடையதைவிட ஒரு படி மோசமாக இருக்கும். "பச்சையா? எனக்கு இன்னும் மஞ்சள்லயே நிக்குது. நீங்க பெரிய ஆளு டிரைவரே!" நானும் தலைக்கனத்தோடு அவருக்குப் புத்தி சொல்வேன். ராத்திரியில் சோற்றைக் குறையுங்கள், நாக்கைக் கட்டுங்கள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். எனக்கு முதன்முதலாக நீலம் வந்த அன்று, வண்டிக்குள் நின்று விசிலை நீளமாக ஊதினார். பயணிகள் பயந்து எழுந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவரைத்தான் லோரி அடித்துப் போட்டது. இறுதிச்சடங்கு முடிந்த மறுநாள் நான் தவுக்கே கடைக்குப் போய் டின்பால் வழிய வழிய ஒரு கோப்பி கேட்டுக் குடித்தேன். அடுத்த நாளும் குடித்தேன். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி அவர் என்னத்தைக் கண்டார்? இனி நான் மட்டும் கட்டி என்ன காணப் போகிறேன்? கண் போனால் போகட்டும் என்றே இருந்தது. தவுக்கே என்னை நிமிர்ந்து பார்க்காமல் கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் படையலுக்குப் போனேன். படத்துக்கு முன்னால் பெரிய வாழை இலை. ஆட்டுக்கறி, பொரித்த கருவாடு, வெல்ல உருண்டைகள், டின்பால் கோப்பி, பக்கத்தில் ஒரு போத்தல் ஸ்டவுட். எல்லாம் அவருக்குப் பிடித்தவை. அவர் மனைவி பாக்கியம் என் கையில் போத்தல் திறப்பானைக் கொடுத்தார்.

"நீங்களே தொறந்து ஊத்துங்கண்ணே. உங்களுக்காக விட்டதுதான எல்லாம். இன்னைக்காவது ஆச தீரக் குடிக்கட்டும்."

"எனக்காகவா? அவருக்கும் இனிப்பு நீர்தானேம்மா?"

பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவருக்கா? ஒரு தலவலின்னுகூடப் படுத்ததில்லையேண்ணே. டிரைவரு தனியா விட்டா நெலச்சு நிக்க மாட்டாரு, நான் கூட விட்டாத்தான் அவரும் விடுவாருன்னு சொல்லுவாரு. வீட்லயும் அதே சாப்பாடுதான், வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணு கூடாதும்பாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்!"

லோரி செய்தியைக் கேட்டபோதுகூட நான் அப்படி ஆகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரைவேட் டாக்டர் கிடையாது. மஞ்சளும் கிடையாது. ஆரோக்கியமான ஒரு மனிதர், உயிராக நினைத்த பால் கோப்பியை எனக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல், எனக்காக விட்டிருக்கிறார். அவருக்கு நான் புத்தி வேறு சொல்லியிருக்கிறேன். படத்தைப் பார்த்து, "ஏன்யா இப்படிப் பண்ணே?" என்று கத்தினேன். பாக்கியமும் அழுதார்.

பிறகு எழுந்து, போத்தலைத் திறந்து, கிளாஸ் விளிம்புவரை அவருக்கு ஊற்றினேன். கோப்பியிலும் இன்னும் கொஞ்சம் டின்பாலை விட்டேன். படைத்து முடித்ததும் பாக்கியம் எல்லாருக்கும் பரிமாறினார். எனக்கு ஒரு கரண்டிச் சோறும் கீரையும் போதும் என்றேன். உருண்டையை நீட்டினார்.

"அது அவரோடதும்மா" என்றேன். பாக்கியம் அதைப் படையல் இலையிலேயே திருப்பி வைத்தார்.

நண்பர்களே, அவருடைய வம்பையும் சிரிப்பையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இல்லவே இல்லாத அந்த நோயை நான் வைத்துக்கொள்கிறேன். இத்தனை காலம் அதை இரண்டு பேருடையது என்று நம்பித்தான் தாங்கினேன். இனி தனியாகத் தாங்கப் பழக வேண்டும். ஒரே நாளில் வராது. முதலில் நாளைக் காலைக் கறுப்புக் கோப்பி. மற்றதை அதற்குப் பிறகு பார்க்க வேண்டும்.