காரைக்காலில், கூட்டை விட்டுப் போகாத குருவிகள்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருஷம், கோடை விடுமுறையில் அந்த ஊருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை வேலை காலியாக இருந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. மாயவரத்தில் ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டு தம்பி சுந்தரத்தின் வீட்டில் இருந்தேன். அவன் மனைவி கமலா, மூன்று குழந்தைகள். காலையில் அடுப்பு மூட்டுவதிலிருந்து இரவில் பாய் விரிப்பதுவரை எல்லாம் என் கையில்தான். தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு ஒன்று இருக்கிறதே, அது எனக்குப் பல வருஷமாக இருந்தது. நான் இல்லாவிட்டால் அந்த வீடு ஓடாது என்று நம்பியதால், வேலைக்கு மனுப் போட்டதை வீட்டில் சொல்லவில்லை. சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாயவரத்தில் காலை வண்டியைப் பிடித்தால் பேரளத்தில் இறங்கிக் காரைக்கால் வண்டிக்கு மாற வேண்டும். அங்கிருந்து பதினைந்து மைல்கூட இல்லை, ஆனால் வண்டி மாட்டு வண்டி வேகத்தில்தான் போகும். முன்பெல்லாம் எல்லையில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், இப்போது கேட்பாரில்லை. திருநள்ளாற்றில் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. அறுவடை முடிந்த வயலிலிருந்து அனல் ஜன்னல் வழியாக வந்தது. காரைக்காலில் ஜட்காவுக்கு எட்டணா கேட்டான். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறி உட்கார்ந்தேன்.

தங்கியது ஜுலைகாவின் வீட்டில். பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். கணவர் சைகோனில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். இவள் பிறந்த வீட்டிலேயே இருந்தாள்.

"எங்க ஊருல பொம்பளப்புள்ள வூட்டை வுட்டுப் போறதில்ல, தனம். மாப்பிள்ளைதான் இங்க வருவாங்க," என்று சிரித்தாள்.

வீட்டின் பின்னால் பெரிய தோட்டம். எலுமிச்சை மரத்தில் தவிட்டுக்குருவிகள் கூடு கட்டியிருந்தன. கூட்டத்தில் ஏழு. குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் மட்டும் இரை கொண்டுவரவில்லை. ஏழும் மாறி மாறிக் கொண்டுவந்தன. அதில் ஒன்றுக்குக் கால் ஊனம். அது மூன்று வருஷத்துக்கு முன் அதே மரத்தில் பிறந்தது என்றாள் ஜுலைகா.

எனக்கு அது உறுத்தியது. வளர்ந்த பறவை பிரிந்துபோய்த் துணை தேடும் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். வளர்ந்து ஆளானது ஏன் தாய் வீட்டில் இருந்துகொண்டு தம்பி தங்கைகளுக்குப் புழு பொறுக்குகிறது?

மதிலுக்கு அந்தப்புறம், ஆளில்லாத துரை பங்களாவின் தோட்டத்தில் இன்னொரு கூட்டம் இருந்தது. இரண்டு கூட்டமும் மதில்மேல் சண்டை போட்டன; தினமும் இப்படித்தான் என்றாள் ஜுலைகா. அதைப் பார்த்ததும் பாதி புரிந்த மாதிரி இருந்தது. ஊரிலுள்ள தோட்டமெல்லாம் ஏதோ ஒரு கூட்டத்தின் கையில் இருந்தால், தனியாகக் கிளம்பும் குருவி எங்கே போய்க் குடியிருக்கும்? அதுவரை கூடப் பிறந்ததுகளை வளர்த்தால் நஷ்டமில்லை, அதுவும் தன் ரத்தம்தானே.

மறுநாள் சனிக்கிழமை பள்ளிக்குப் போனேன். வேலை எனக்குத்தான் என்றார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். திரும்பி வந்தபோது பங்களாத் தோட்டத்தில் வலையோடு குருவி பிடிக்கிறவர்கள் நின்றார்கள். ஜுலைகாவின் வாப்பா போய்ச் சத்தம் போடுவதற்குள் கூட்டத்தையே அள்ளிப் பையில் போட்டுவிட்டார்கள். தப்பியது ஒன்றே ஒன்று. பொழுது சாயும்வரை அது கத்திக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலையில் எங்கள் மரத்திலிருந்து இரண்டு குருவிகள் மதிலைத் தாண்டிப் போயின. அந்த ஒற்றைக் குருவி அவற்றை விரட்டவில்லை. மூன்றும் சேர்ந்து கொய்யா மரத்தடியில் மேய்ந்தன. இடம் கிடைத்ததும் போய்விட்டன, அவ்வளவுதான். கால் ஊனமானதும் மதில்வரை போனது. கொஞ்ச நேரம் அந்தப்பக்கம் பார்த்தது. பிறகு ஒரு பச்சைப் புழுவைப் பிடித்துக்கொண்டு எலுமிச்சை மரத்துக்கே திரும்பியது.

"அதுக்குக் குஞ்சை வுட மனசில்ல," என்றாள் ஜுலைகா.

"கால் சரியில்ல. அங்க போய்ச் சண்டை போட முடியாதுன்னு பயம்," என்றேன். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் வாசலில் சுந்தரம் வந்து நின்றான். என் மனு மாயவரத்துப் பள்ளித் தலைமையாசிரியை வழியாகத்தான் போயிருந்தது; அவர் அவனிடம் சொல்லிவிட்டிருக்கிறார். ஜுலைகா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா? புள்ளைங்களை யார் பாத்துப்பா?"

"கமலா பாத்துக்குவா." தேநீரைத் தொடாமலே பேசினான். "அவ வந்து பத்து வருஷமாச்சுக்கா. இன்னிக்கும் உன்னைக் கேட்டுத்தான் உலைக்கு அரிசி அளக்குறா. தன் இஷ்டத்துக்கு ஒரு கொழம்பு வெக்கணும்னு அவளுக்கு இருக்காதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப இத்தனை நாளா நான் உங்களுக்குப் பாரமா?"

"பாரமில்லக்கா. அம்மா போனப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. நீதான் வளத்தே. உன்னைப் போய் 'போ'ன்னு எப்படிச் சொல்றது? நீயா போவேன்னு பாத்தேன். நீயும் போகல." துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. பெருங்களைப்புதான் வந்தது. அவர்களுக்காக நான் இருக்கிறேன் என்று நானும், எனக்காகத் தாங்கள் பொறுத்துக்கொள்கிறோம் என்று அவர்களும், பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் ஓட்டியிருக்கிறோம். குருவிகளுக்காவது மதிலுக்கு அந்தப்புறம் இடம் காலியாக வேண்டியிருந்தது. எனக்கு இடம் எப்போதோ காலியாகத்தான் இருந்ததோ என்னவோ, எட்டிப் பார்க்கவில்லை. கமலாவின்மேல் முதலில் கோபம்தான் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்கம் வந்தது.

வேலையை ஒப்புக்கொள்வதாகத் தம்பியிடம் சொன்னேன். அவன் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தான்.

காரைக்காலுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பங்குனி, சித்திரையில் போனால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். தவிட்டுக்குருவி பார்க்க விடிகாலையே நல்லது. அசையாமல் உட்கார்ந்தால் காலடிவரை வந்து மேயும். ஜட்காக்காரர்களிடம் ஏறுவதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள். திரும்புகையில் சாயங்கால வண்டியைப் பிடித்தால் வெயில் தாழ்ந்து, பிரயாணம் சுகமாக இருக்கும் என்கிறார்கள். அன்று அதில் சுந்தரம் மட்டும்தான் போனான். நான் வாடகைக்கு அறை பார்க்க ஜுலைகாவோடு கடைத்தெருப் பக்கம் நடந்தேன்.