பூக்காத செர்ரி

எங்கள் ஒரே மகள் ஷில்லாங்கில் நர்சாக இருந்தாள். அவள் விடுதி ஜன்னலுக்கு வெளியே ஒரு செர்ரி மரம் நின்றது. பழத்துக்காக வைத்ததல்ல, பூவுக்காக வைத்தது. கார்த்திகைக் குளிரில் இலையெல்லாம் உதிர்ந்து, கிளை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். வருடா வருடம் வீடியோ காலில் காட்டுவாள். "நம்ம வூட்டுல இத வெச்சா எப்படி இருக்கும்மா!" என்பாள்.

மலைச்சாலையில் நடந்த விபத்தில் அவள் போய்விட்டாள். எங்கள் ஊரில் அடக்கமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, அவளோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி மகளின் துணிமணிகளோடு ஒரு செர்ரிக் கன்றையும் ரயிலில் கொண்டுவந்தாள். மொரப்பூர் ஸ்டேஷனில் அதை வாங்கிய என் மனைவி, பாப்பிரெட்டிப்பட்டி வரும்வரை மடியைவிட்டு இறக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால், மதிய வெயில் படாத இடமாகப் பார்த்து நட்டோம். ஓசூரில் நர்சரி வைத்திருக்கும் ஒருவரிடம் போனில் விசாரித்தேன்.

"செடி வளருங்க. பூக்கறதுக்கு உங்க ஊருக் குளிரு பத்தாதுங்க," என்றார்.

மனைவியிடம் சொன்னேன். "அவரு சொன்னா ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

கோடையில் நிழல்வலை கட்டினேன். அவள் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்து வேரைச் சுற்றிப் போட்டாள். கன்று பிழைத்து என் தோளுயரம் வந்தது. அடுத்த மார்கழியில் இலை கொட்டியதும் தினமும் கிளை கிளையாக மொட்டுத் தேடினாள்.

ஒரு காலையில் கத்திக் கூப்பிட்டாள். "ஓடி வாங்க, மொட்டு வெச்சிருக்குது!"

கிளை நுனிகளில் கூராகச் சின்னச் சின்ன முடிச்சுகள். எனக்கும் கண் கலங்கியது. ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய் மகளிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

சில நாளில் முடிச்சுகள் விரிந்தன. எல்லாமே இலை. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

போன கோடையில் தண்டிலிருந்து பிசின் வடிந்தது. இலைகள் கருகி விழுந்தன. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சையே இல்லை. அவள் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள்.

"பட்டுப் போச்சு. இன்னும் எதுக்கு ஊத்தற?"

"எனக்குத் தெரியாதுங்களா? காலைல எந்திரிச்சா அவளுக்குன்னு செய்ய எனக்கு வேற என்னங்க இருக்குது?"

மறுநாள் அவள் எழுந்திருக்கவே இல்லை. விழித்துக்கொண்டேதான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குடத்தை நான் எடுத்துக்கொண்டு போய், காய்ந்த குச்சியின் அடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.