அம்மா எடுக்காத இலை

சூடான சோறு ஈர இலையில் விழும்போது ஒரு வாசம் வரும். இலை லேசாக வெந்து, பச்சை கறுத்து, அதன்மேல் சாம்பார் ஓடி, அந்த ஆவி மூக்கில் ஏறினால் பசி இரண்டு மடங்காகிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு ஞாபகமில்லை, படித்ததே கொஞ்சம்தான். ஆனால் எங்கள் ஊர்ச் சந்தைநாள் மத்தியானத்தில் ‘கிளப்புக் கடை’ என்கிற சாப்பாட்டுக் கடைக்குள் எழுந்த அந்த வாசம், லண்டனில் மேனர் பார்க் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து இதை எழுத்துக்கூட்டி எழுதும்போதும் என்னோடுதான் இருக்கிறது.

“சாப்பாட்டைப் பத்தி மட்டும் எழுதும்மா, மத்ததெல்லாம் இப்ப எதுக்கு?” என்கிறாள் மகள். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிறவள். நான் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கே உட்கார வைத்தார்கள், சாப்பிட்டு முடித்ததும் என்ன செய்யச் சொன்னார்கள் என்பதும் சாப்பாட்டோடு சேர்ந்ததுதான்.

எங்களுடையது தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். பஸ் நிற்கிற இடத்தில் பாய் ஒருவரின் பரோட்டாக் கடை, தேர் நிற்கிற முக்கில் சாயங்காலம் மட்டும் அடுப்பு மூட்டும் வடைக் கடை, கடைத்தெரு நடுவே இந்தக் கிளப்புக் கடை, இவ்வளவுதான். எங்கள் அம்மா வாழையிலை விற்றாள். விடியுமுன்னே தோப்பில் இலை அறுத்து, கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து ஆற்றைக் கடந்து வந்து கிளப்புக் கடை வாசலில் இறக்குவாள். ஊரே அவளை ‘இலைக்காரி’ என்றுதான் கூப்பிட்டது. சந்தைநாளில் நானும் கூடவே போவேன், இலை விற்று முடிந்ததும் மத்தியானம் அம்மா என்னை அதே கடைக்குள் சாப்பிடக் கூட்டிப்போவாள். எங்கள் தெருவில் வேறு எந்தப் பொம்பளையும் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. “வாரம் முச்சூடும் நான் அடுப்புல ஊதுதேன், ஒரு நா எவனாவது எனக்கு ஊதட்டுமே” என்பாள் அம்மா.

ருசியைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். அந்தக் கடை அவியலுக்கு இணையாக நான் இன்றுவரை தின்றதில்லை; தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்ட வாசத்தில் முருங்கைக்காய் விரலில் பட்டாலே நழுவும். ரசத்தை இலையில் ஊற்றினால் அது ஓடுவதற்குள் கையால் அணைகட்டிக் குடிக்கவேண்டும், நான் அணைகட்டுவதைப் பார்த்து அம்மா சிரிப்பாள்.

ஆனால் எங்களுக்கு முன்வரிசை மேசை கிடையாது. எல்லாரும் உள்ளே வரலாம் என்று சட்டம் வந்துவிட்டதால் வராதே என்று சொல்ல முடியாது, அதனால் அடுக்களைக்குப் போகிற வழியில் ஒரு பெஞ்சும் மேசையும் போட்டு, ‘கீழத்தெரு ஆளுக’ அங்கே உட்காரவேண்டும் என்று வைத்திருந்தார்கள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு இலையை மடக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போவார்கள், வாளியோடு ஒருவர் வந்து வழித்துப் போட்டுக்கொண்டு போவார். எங்கள் இலையை மட்டும் நாங்களே எடுத்து, கொல்லைப்புறம் கொண்டுபோய்ப் போட்டு, மேசையையும் துடைக்கவேண்டும். காலையில் அம்மா கொண்டுவரும்போது அந்த இலையில் ஒரு குறையும் கிடையாது. தண்ணீர் தெளித்து முன்வரிசையில் போடுவார்கள், ஊரே அதில் சாப்பிடும். அதே இலையில் நாங்கள் சாப்பிட்டு முடித்தால் தொட ஆளில்லை.

ஒரு சந்தைநாள், அம்மா கை கழுவப் போயிருந்தாள். நான் எட்டு வயதுப் பிள்ளை, உதவி செய்கிறேன் என்று என் இலையையும் அவள் இலையையும் ஒன்றாகச் சுருட்டித் தூக்கினேன். சுருட்டத் தெரியாமல் மிச்ச ரசமும் மோரும் என் புதுப் பாவாடையில் வழிந்தன. முன்வரிசையில் இருந்த ஒருவர், “எலே பாரு, ஆத்தா இலைய உள்ள கொண்டாரா, மக வெளிய கொண்டுபோறா” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்ற சப்ளையரும் சிரித்தார். நான் இலையைப் பிடித்துக்கொண்டு நடுக்கடையில் நின்றேன்.

அம்மா திரும்பி வந்தாள். பாவாடையைப் பார்த்தாள், சிரித்தவர்களைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

“ஏட்டி, அதக் கீழ வை.”

“எங்கம்மா?”

“எங்க தின்னியோ அங்கன வை.”

வைத்தேன். அம்மா என் கையைக் கழுவிவிட்டு, பாவாடையைப் பிழிந்துவிட்டு, கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டு நடந்தாள். “என்னளா, எலைய வச்சிட்டுப் போற?” என்றார் முதலாளி.

“எல்லாரும் வச்சிட்டுத்தான மொதலாளி போறாவ.”

“அவங்களும் நீயும் ஒண்ணா?”

“எலை ஒண்ணுதான. நான் கொண்டாந்ததுதான.”

அம்மா வெளியே இறங்கிவிட்டாள். எதிரே சைக்கிள் கடை நிழலில் போய், என்னைப் பக்கத்தில் இருத்தி, கடையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பயம், அம்மாவை அடித்துவிடுவார்களோ என்று. இலை எடுக்கிற வாளிக்காரர் முதலாளி முகத்தைப் பார்த்தார், முதலாளி “தொடாத, அவளே வந்து எடுக்கட்டும்” என்றார். அது சந்தைக்கூட்டம். கிணற்றுக்குக் கமலைக்கயிறு வாங்க வந்தவன், மாடு விற்க வந்தவன் என்று வாசல் வரை ஆள் நின்றது. முன்வரிசை நிரம்பி, வெளியூர்க்காரர் சிலர் எங்கள் பின்பெஞ்சுக்கு வந்து, இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதன்மேல் ஈ மொய்த்தது. பசி பொறுக்காத சிலர் பாய் கடைப் பக்கம் நடந்தார்கள். அவர்கள் போகப்போக முதலாளி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

எங்கள் தெரு மாமா ஒருவர் வந்து குனிந்து கெஞ்சினார். “போளா, எடுத்துப் போட்டுட்டு வந்துரு. கை தேஞ்சா போவும்? நாளைக்கு நம்ம யாரையும் உள்ள விடமாட்டானுவ.”

“உள்ள விட்டு என்ன மாமா, வெளிய வரும்போது நம்மளத்தான தொடைக்கச் சொல்லுதான்” என்றாள் அம்மா.

கடைசியில் முதலாளி கல்லாவை விட்டு இறங்காமலே, “எடுத்துத் தொலைலே” என்று கத்தினார். வாளிக்காரர் ஒரே வழிப்பாக வழித்தார். எங்கள் இலை வாளிக்குள் மற்ற இலைகளோடு விழுந்தது. எது எங்களுடையது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான், ஆனால் மறுநாள் காலையில் அம்மா இறக்கிய இலைக்கட்டை, வேண்டாம் என்று முதலாளி திரும்பத் தூக்கிவிட்டார். வேறு ஊரிலிருந்து இலை வரவழைத்துக்கொண்டார். பல மாதம் அம்மா பஸ் ஏறி அடுத்த ஊர்களுக்குச் சுமந்தாள், பாதி இலை வாடித் திரும்பி வரும், வீட்டில் ராத்திரிக் கஞ்சி தண்ணீராக இருக்கும். தெருவே அவளைத் திட்டியது. “பெரிய மகாராணி இவ” என்றார்கள். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அடுத்த சந்தைநாளும் என்னைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனாள், அவியலை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினாள், இலையை மடக்கி வைத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த சந்தைக்கும். பின்னால் எங்கள் தெரு ஆண்களும் ஒவ்வொருவராக மடக்கி வைத்துவிட்டு வர ஆரம்பித்தார்கள், அன்றைக்குக் கெஞ்சின மாமா உட்பட.

இப்போது அந்தக் கடை இல்லை. இடித்துவிட்டு செல்போன் கடை கட்டியிருப்பதாகத் தம்பி மகன் போனில் சொன்னான். வடைக் கடையும் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவியல் போனதற்கு எனக்கு வருத்தம் உண்டு, அந்தப் பின்பெஞ்சு போனதற்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. பழைய ஊர்ச் சாப்பாட்டுக்கடை என்று உருகி உருகிப் பேசுகிறவர்கள் எந்தப் பெஞ்சில் இருந்து சாப்பிட்டார்கள் என்று நான் கேட்பேன்.

போன சனிக்கிழமை மகளோடு ஈஸ்ட் ஹாம் போயிருந்தேன். ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு தோசைக் கடை, பரிமாறுகிறவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நான் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து மேசையிலிருந்து பட்டுச்சேலை கட்டின ஒரு அம்மாள் திரும்பினாள். “அக்கா, நீங்க நம்ம பக்கமா?” என்றாள். பார்த்தால் எங்கள் ஊரேதான். கிளப்புக் கடை அவியலைச் சொன்னதும் அவளுக்குக் கண் விரிந்தது, எனக்கும் விரிந்தது, இரண்டு பேரும் தோசையை மறந்து பேசினோம். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல், “ஊர்ல எந்தத் தெருக்கா?” என்றாள்.

மகள் மேசைக்கடியில் என் முழங்காலை அமுக்கினாள். அந்தக் கேள்வி மட்டும் ஒன்றும் கெடாமல் விமானம் ஏறி வந்திருக்கிறது.

“கீழத்தெரு” என்றேன், கடைக்கே கேட்கும்படி. “இலைக்காரி மக.”

“ஓ” என்றாள். சிரிப்பு இருந்தது, ஆனால் முகம் தோசைப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு அவியலும் ஞாபகம் வரவில்லை, அக்காவும் ஞாபகம் வரவில்லை. மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “போவோம்மா, பஸ் வந்துரும்.”

“அடுத்த பஸ்ல போலாம்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு மெதுவடையும் இன்னொரு காப்பியும் கேட்டேன்.

“ஓம் அம்மா, சூடாப் போட்டுக்கொண்டு வாறன், கொஞ்ச நேரம் செல்லும், பரவாயில்லையோ?”

“மெதுவா வா தாயி” என்றேன். “நான் இங்கதான் இருப்பேன்.”