தையலம்மாளின் நார்த்தங்காய் லேகியம்

என் சமையலைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. கல்யாணமாகி நான் பாகூருக்கு வந்த முதல் வாரமே என் மாமியார் தையலம்மாள் அதை எல்லா வீட்டுக்கும் அறிவித்துவிட்டார். நான் வைத்த சாம்பாரை மாடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டதாம். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு தடவையாவது அவர் வாயிலிருந்து 'நல்லாருக்கு' என்று கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குப் போகவில்லை. வெட்கங்கெட்ட ஆசைதான்.

தெரிந்த சாப்பாட்டில் தோற்றாயிற்று, அவருக்குத் தெரியாத பண்டத்தில் ஜெயித்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். தெரியாததில் என்ன குறை கண்டுபிடிப்பார்? போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் சாக்லேட் ட்ரஃபிள் செய்துகொண்டிருந்தாள். சாக்லேட்டைச் சூடான க்ரீமில் உருக்கி, ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு, ஆறியதும் சின்ன உருண்டைகளாக உருட்டி, கோகோ தூளில் புரட்டுகிறாள். இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஆரஞ்சுக்குப் பதில் எங்கள் கிணற்றடியில் நார்த்தங்காய் மரம் இருந்தது.

தோலோடு சாறும் சேர்ந்தால் இன்னும் ஜோராக இருக்கும் என்று என் புத்தி சொன்னது. பிழிந்து ஊற்றினேன். க்ரீம் திரிந்து திப்பி திப்பியாக நின்றது. அடுத்த தடவை தோலை வெள்ளை வரைக்கும் துருவி, கசப்பில் வேப்பங்கொழுந்தைத் தோற்கடித்தேன். என் புருஷன் முத்துக்குமரன் ஒன்றை வாயில் போட்டுவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

அதற்கப்புறம் மேல்தோலை மட்டும் துருவினேன். உருட்டப்போனால் வெயிலுக்கு எல்லாம் உருகி முழங்கை வரை வழிந்தது. ஃபேனைப் போட்டால் கோகோ தூள் பறந்து என் முகத்தில் அப்பிக்கொண்டது. கடைசியில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து உருட்டி முடித்தேன். தின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. நான்தான் செய்தேனா என்று எனக்கே சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்புச் சாப்பாடு முடிந்ததும் தட்டில் வைத்து நீட்டினேன். அத்தை ஒன்றை எடுத்து முகர்ந்தார். வாயில் போட்டார். கண்ணை மூடினார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி நான் நின்றேன். அவர் கண்ணைத் திறந்து வெந்நீர் கேட்டார். குடித்துவிட்டு, "நார்த்தங்காய் லேகியமா? வாயுவுக்கு நல்லது" என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டார். முத்துக்குமரனுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்தால் அவருக்கு லேகியம் வேண்டும். அதோடு விட்டாரா? எதிர்வீட்டுக் காசம்மாளிடமும் சொல்லிவிட்டார். காசம்மாள் அஜீரணம் என்று கிண்ணத்தோடு வந்து நின்றார். கொடுத்தேன். லேகியம் ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று காசம்மாள் கேட்டதற்கு, இவளுக்கு எதிலும் அளவு தெரியாது, வெல்லத்தை அள்ளிக் கொட்டியிருப்பாள் என்று அத்தை பதில் சொன்னார். புகழ் மருந்துக்கு, திட்டு எனக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காசம்மாள் வாசலைத் தாண்டியதும் சொல்லியே விட்டேன்.

"அத்தே, அது லேகியம் இல்ல. சாக்லேட்டு."

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும். எந் தம்பி பொண்ணு பிரான்சுலேர்ந்து வரப்பல்லாம் டப்பா டப்பாவா கொண்டாருவா. அதெல்லாம் இது கிட்டகூட நிக்காது."

அப்புறம் ஏன் லேகியம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"நல்லாருக்குன்னு சொன்னா, இத்தினி வருசமா தெருவுல சொல்லிக்கினு இருந்தனே, அதெல்லாம் இன்னாடி ஆவறது? மருந்துன்னா தின்னுட்டுப் போய்க்கினே இருக்கலாம். யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். சொன்னால் அத்தையின் மானம் போய்விடும்.

மறுநாள் காசம்மாள் திரும்பவும் கிண்ணத்தோடு வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போதும், அதற்கு மேல் போனால் உடம்புக்குச் சூடு என்று நானே சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.