பேசாலையில் நான் சொன்ன காற்று

மாசிக் கடைசியில், தவக்காலம் தொடங்கிய கிழமை, கொழும்புக் கந்தோரில் ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு பேசாலைக்குப் போனேன். வாடைக்காலம் முடிய, அத்தான் சவிரி தன் வள்ளத்தைத் தென்கரையிலிருந்து வடகரைக்குக் கொண்டுவருவார். அதில் ஒருமுறை ஏறவேண்டும் என்று வெகுநாள் ஆசை. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. லீவும் ஐந்தே நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பேசாலை ஸ்டேசனில் இறங்கினேன். அக்கா வீட்டில் இரவு தங்கி, மறுநாள் மாட்டுவண்டிக்கு ஒரு ரூபாய் கொடுத்து, மூன்று மைல் தள்ளித் தென்கரை வாடிக்குப் போனேன். வாடி என்றால் மீன்பிடிகாரர் பருவத்துக்குக் கட்டும் ஓலைக் கொட்டில்கள். மணல் பாதையில் ஒன்றரை மணி நேரம். நடந்தாலும் அவ்வளவுதான், ரூபாயாவது மிஞ்சும்.

ஞாயிறு மாலை செபம் முடிந்ததும் சம்மாட்டியார், அதாவது பெரிய வலைகளின் சொந்தக்காரர், வரும் கிழமைக்குக் காற்றுச் சொல்வார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாடை இன்னும் அடங்கேல்லை. வியாழன் வரைக்கும் பொறுப்பம்."

புதனோடு என் லீவு முடிகிறது! ரயிலில் யாரோ விட்டுப்போன சென்னைப் பத்திரிகை என் பையில் இருந்தது. சிம்லா மலையில் பனி கொட்டுகிறது, பலத்த காற்று என்று முதல் வரி. அதன் கீழே, தென்கடலோரத்தில் இந்த வாரம் மெல்லிய காற்று என்று போட்டிருந்தது. இரண்டையும் உரக்க வாசித்தேன். பத்திரிகை நாலு நாள் பழசு என்பதை வாசிக்கவில்லை.

சம்மாட்டியார் தாடையைச் சொறிந்தார். "அச்சடிச்சதுக்கு எதிரா நான் என்னத்தைச் சொல்ல? ஆனா தம்பி, காத்துச் சொன்னவர் முதல் வள்ளத்திலை ஏற வேணும். இஞ்சை அதுதான் வழமை."

"ஓம்" என்றேன். வாயெல்லாம் பல். நான் வந்ததே அதற்குத்தானே.

திங்கள் காலை ஐந்துக்கு அத்தானின் வள்ளத்தில் முதலாவதாகப் புறப்பட்டோம். அத்தான், அவருடைய தம்பிமார் இருவர், நான், அத்தான் ஒரு வருசம் பாடுபட்டுச் சேர்த்த புது வலை. தலைமன்னார் முனையைச் சுற்றி ஏறக்குறைய இருபது மைல். முனை வரை, பேசாலை இருக்கும் தீவே வடக்குக் காற்றை மறைத்தது. பதினொரு மணிக்கு முனையைத் தாண்டியதும் வாடை முகத்தில் அறைந்தது. வள்ளம் பாதிக்குத் தண்ணீர். நான் வாந்தியெடுத்தபடி தெரிந்த அந்தோனியார், அறியாத அந்தோனியார் எல்லோரையும் கூப்பிட்டேன்.

"வலையைத் தள்ளுங்கோடா!" என்று அத்தான் கத்தினார். ஒருவரும் கை வைக்கவில்லை. அவரே கயிற்றை வெட்டி வலையைக் கடலில் தள்ளினார். வள்ளம் மிதந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மாலை நாலரைக்குப் பேசாலைக் கரை. அக்கா முழங்கால் தண்ணீருக்குள் ஓடிவந்தாள்.

"வலை எங்கை?" என்றவள், வள்ளத்தில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"சம்மாட்டியார் சொன்ன காத்துத்தான்" என்றார் அத்தான், இடுப்பில் நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே. "தம்பி சும்மா பாக்க ஏறினவன்."

அந்த மனிதர் எனக்காகப் பொய் சொன்னதுதான் தாங்கவில்லை. "இல்லை அக்கா, நான்தான் சொன்னனான். அது பழைய பேப்பர்" என்றேன்.

அக்கா ஏசவில்லை. வீட்டில் சோறு போட்டாள், அத்தானுக்கும் தம்பிமாருக்கும் முதலில், கடைசியில் எனக்கு. அதுவரை எனக்குப் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுவாள்.

போக நினைப்பவர்கள் மாசி பங்குனியில் போங்கள். பார்க்க வேண்டிய இடம்தான். லீவை ஒரு கிழமை கூட்டியே எடுங்கள். வாடியில் காற்றைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நான் கந்தோருக்குத் தந்தியடித்து, பத்து நாள் அத்தானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வலை முடிச்சுப் போட்டேன். எல்லாம் கோணல். நான் ரயிலேறும் வரை அவர் ஒன்றையும் அவிழ்க்கவில்லை.

போன கிழமை அக்காவின் கடிதம் வந்தது. ஊர்ச் செய்தி எல்லாம் இருந்தது. எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை.